அந்த வாள் வாட்டர்லூவைப் பார்த்ததில்லை

நீங்கள் கேட்டது இது: லீட்ஸில் வேலை பார்க்கிறீர்கள், பழைய ஐரோப்பியக் குதிரைப்படை வாள்கள் சேர்க்க ஆசை. ஒரு பழம்பொருள் சந்தையில் பித்தளைக் கைக்காப்பு வைத்த வளைந்த வாள் ஒன்றை, வாட்டர்லூ போரில் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது என்று 700 பவுண்டு விலை சொல்கிறார்கள். அலகின் முதுகில், அதாவது கூர் இல்லாத பக்கத்து ஓரத்தில், பிரெஞ்சில் பொடி எழுத்து இருக்கிறது. அதில் 'ஷாத்தெல்ரோ' என்பதை மட்டும் படிக்க முடிந்தது. வாங்கலாமா, இல்லையென்றால் எதிலிருந்து தொடங்குவது, பின்னாளில் ஊருக்குக் கொண்டுபோக முடியுமா?

அந்த விலைக்கு வேண்டாம். ஊருக்குக் கொண்டுபோகும் எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். மீதியை விரிவாகவே சொல்கிறேன். ஏனென்றால் விடையில் பாதியை நீங்களே படித்துவிட்டீர்கள், கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஷாத்தெல்ரோ என்பது பிரான்சின் மேற்குப் பகுதியில் வியன் ஆற்றங்கரையில் உள்ள ஊர். அங்கே அரசு ஆயுதத் தொழிற்சாலை அமைக்க ஆணை பிறந்தது 1819இல். நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போர் நடந்தது 1815 ஜூன் 18. பட்டறையே இல்லாத ஊரில் செய்த வாள் எப்படிப் போருக்குப் போயிருக்கும்? நெப்போலியன் காலத்துப் படைவீரன் வாள் என்றால் முதுகில் பெரும்பாலும் 'கிளிங்கென்டால்' என்று இருக்கும். அது ஸ்ட்ராஸ்பூர்க் பக்கம், அல்சாஸ் மலையடிவாரத்தில் உள்ள சிற்றூர். 15ஆம் லூயி காலத்தில், 1730இல், ஜெர்மனியின் சோலிங்கனிலிருந்து வாள் கொல்லர்களைக் குடும்பத்தோடு அழைத்து வந்து உட்காரவைத்துத் தொடங்கிய பட்டறை அது. ஊர்ப் பெயருக்கே 'அலகுப் பள்ளத்தாக்கு' என்றுதான் அர்த்தம். நெப்போலியன் வீழ்ந்தபோது எல்லையோரத்தில் வாள் பட்டறை வைத்திருப்பது எவ்வளவு ஆபத்து என்று புரிந்தது. அதனால் தொழிலை நாட்டின் உள்பக்கமாக, ஷாத்தெல்ரோவுக்கு நகர்த்தினார்கள். உங்கள் சந்தைக்காரரின் கதை கவிழ்வது இந்த இடத்தில்தான்.

பிரெஞ்சு வாள்கள்மேல் எனக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு. அழகுக்காக இல்லை, இந்த முதுகெழுத்துக்காக. பட்டறையின் பெயர், மாதம், ஆண்டு எல்லாவற்றையும் பேனாவால் எழுதியதுபோல் சரிவான எழுத்தில் வெட்டி வைத்திருப்பார்கள். பின்வந்த வாள்களில் எந்த மாதிரி என்பதும் சேர்ந்திருக்கும். பட்டறைப் பெயருக்கு முன்னால் வரும் அடைமொழி அந்த நாளில் யார் ஆட்சி என்பதையும் சொல்லிவிடும். 'இம்பேரியால்' என்றால் பேரரசு: முதல் நெப்போலியன், அல்லது 1852 முதல் 1870 வரை ஆண்ட மூன்றாம் நெப்போலியன். 'ரோயால்' என்றால் மன்னராட்சி. 'நாசியோனால்' என்றால் குடியரசு. நம் ஊரில் பழைய பத்திரத்தின் முத்திரைத்தாளைப் பார்த்ததும் 'இது ஜார்ஜ் மன்னர் காலத்தது' என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதே வேலைதான். பழகிவிட்டால் அரை நிமிடம் போதும்.

நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தால் உங்களுடையது 1822 மாதிரி, அதாவது அந்த ஆண்டின் பெயரால் பிரெஞ்சு ராணுவம் ஏற்ற வடிவம். வாட்டர்லூ காலத்தது என்றால் பதினோராம் ஆண்டு மாதிரியாக இருந்திருக்க வேண்டும். அது என்ன பதினோராம் ஆண்டு என்று கேட்பீர்கள். பிரெஞ்சுப் புரட்சிக்காரர்களின் நாட்காட்டிப்படி 1802 செப்டம்பரிலிருந்து 1803 செப்டம்பர் வரை. இரண்டுக்கும் மூன்று கிளை பிரிந்த பித்தளைக் கைக்காப்புதான், அதனால்தான் குழப்பம். வித்தியாசம் அலகில் இருக்கிறது. பதினோராம் ஆண்டு வாளின் அலகில் அகலமான பள்ளம் ஒன்றே ஓடும். 1822இல் அந்த அகலப் பள்ளத்தோடு, முதுகை ஒட்டி ஒடுங்கிய பள்ளம் இன்னொன்றும் இருக்கும். உறையைத் தூக்கிப் பார்த்தாலும் தெரியும், பழையதன் இரும்பு உறை தடிமனானது, கனமும் அதிகம். உங்கள் வாளின் உறையில் வளையம் ஒன்றுதான் இருக்கிறதா, இரண்டா என்று பாருங்கள். 1822 மாதிரி உறைகளில் முதலில் இரண்டு வளையம். பின்னாளில் கீழ்வளையத்தை அரசே எடுத்துவிட்டது. எடுத்த இடத்தில் தடம் தெரிந்தால் அந்த வாள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை பணியில் இருந்தது என்று அர்த்தம்.

1822ஐ நான் மட்டமாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். பிரெஞ்சுக் குதிரைப்படை அதை முதல் உலகப்போர் வரைக்கும் விடவில்லை. அமெரிக்கர்கள் அதைப் பார்த்துத்தான் தங்கள் 1840 மாதிரியைச் செய்தார்கள். அந்த நாட்டு வீரர்கள் அதன் கனத்தைத் தாங்காமல் 'மணிக்கட்டு முறிப்பான்' என்று பெயர் வைத்தார்கள். முதல் வாளாக வாங்க அருமையான பொருள். ஆனால் நல்ல நிலையில் உள்ளவையே சந்தைக்காரர் சொன்ன விலையில் ஏறக்குறைய பாதிக்குக் கைமாறுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். மீதிப் பாதி 'வாட்டர்லூ' என்ற சொல்லுக்கான விலை.

அந்தச் சொல்லுக்குப் பணம் கொடுத்தவன் நான் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், இந்த நாட்டில் ஒரு சின்ன ஊர்ச் சந்தையில் ஒரு பிரிட்டிஷ் 1796 மாதிரி வாள் வாங்கினேன். விற்றவர் கண்ணாடிபோலத் தேய்த்து வைத்திருந்தார். 'வாட்டர்லூவில் இருந்தது சார்' என்றார். எனக்கு அந்தப் பளபளப்பே சான்றாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்த மூத்த சேகரிப்பாளர் ஒருவர் வாளை ஜன்னல் பக்கம் கொண்டுபோய், அலகின் பள்ளத்து ஓரத்தில் நகத்தை வைத்து மெதுவாக இழுத்தார். பழைய அலகில் அந்த ஓரம் நகத்தில் தட்ட வேண்டும். என்னுடையதில் சோப்புக் கட்டிபோல வழுக்கிக்கொண்டு போனது. பிறகு பிடிக்குக் கீழே ஒரு சின்னக் குழியைக் காட்டினார். கிரீடமும் எண்ணும் சேர்ந்த அரசு ஆய்வாளர் முத்திரை இருந்த இடம் அது. பளபளப்பாக்கும் பஃபிங் சக்கரம் முத்திரையைத் தின்றுவிட்டு வடுவை மட்டும் விட்டிருந்தது. 'வாள் உண்மையானதுதான், ஆனால் அதன் வாயை அடைத்துவிட்டார்கள்' என்றார். இன்னமும் அதை வைத்திருக்கிறேன். விற்றால் நான் கொடுத்த விலை வராது என்பதும் ஒரு காரணம்.

தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் அதிகாரிகள் வைத்திருந்த வாளைத்தான் தேடுவார்கள்: நீலம் பூசி, தங்கக் கோலம் வரைந்த அலகு, வெள்ளிக் கம்பி சுற்றிய பிடி. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதிகாரி தன் காசில், தனக்குப் பிடித்த கடையில் வாங்கிய வாள் அது. ஒவ்வொன்றும் ஒரு விதமாக இருக்கும். ஒப்பிட்டுக் கற்க முடியாது. சாதாரணச் சிப்பாயின் வாள் அரசுச் சொத்து. அரசுச் சொத்து என்றால் முத்திரை குத்தாமல் விடுவார்களா? ஆய்வாளர் முத்திரை, செய்தவர் பெயர், படைப்பிரிவு எண், அதற்குள் ட்ரூப் என்ற சிறு குழுவின் எழுத்து, வாளின் வரிசை எண், சில நேரம் ஆண்டு. நம் அரசு அலுவலக நாற்காலியின் அடியில் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதியிருக்குமே, அதே புத்திதான் 200 வருஷத்துக்கு முன்னாலும். அதனால் முதல் மூன்று வருஷம் சிப்பாய் வாள்களை மட்டும் வாங்குங்கள் என்பது என் கட்சி. மற்றவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள்.

பிரிட்டனில் இருப்பதால் எப்படியும் 1796இல்தான் போய் முட்டுவீர்கள். அதைச் சொல்லிவிடுகிறேன். 1793இல் இன்றைய பெல்ஜியப் பக்கம் தொடங்கிய ஃப்ளாண்டர்ஸ் படையெடுப்பில் ஜான் காஸ்பார்ட் லெ மார்ச்சன்ட் என்ற இளம் அதிகாரி, தன் நாட்டுக் குதிரை வீரர்கள் வாள் வீசத் தெரியாமல் தங்கள் குதிரையையும் தங்களையுமே வெட்டிக்கொள்வதைப் பார்த்தார். கூட இருந்த ஆஸ்திரியர்கள் அருமையாக வீசினார்கள். ஊர் திரும்பி, பர்மிங்காம் வாள் தொழிலாளி ஹென்றி ஆஸ்போர்னோடு உட்கார்ந்து இலகுரகக் குதிரைப்படைக்கென்று வளைந்த வாள் ஒன்றை வடிவமைத்தார், அதுதான் 1796. அதை வீசுவதற்கான பயிற்சிமுறையையும் எழுதினார். பின்னாளில் சாண்ட்ஹர்ஸ்ட் ஆன ராணுவக் கல்லூரிக்கு அடித்தளம் போட்டவரும் அவரே. 1812 ஜூலை 22 அன்று ஸ்பெயினில் சலமாங்கா போரில் இறந்தார். அன்று அவர் நடத்திச் சென்றது கனரகக் குதிரைப்படை. அவர்கள் கையில் இருந்தது அவருடைய வளைந்த வாள் அல்ல, அதே 1796இல் ஆஸ்திரிய வாளைப் பார்த்துச் செய்த நேரான வாள்!

வளைந்த 1796ஐக் கையில் எடுக்கும்போது இதைக் கவனியுங்கள். கைக்காப்பு ஒரே இரும்புப் பட்டை, அங்கவடிபோல வளைந்திருக்கும், வேறு அலங்காரம் கிடையாது. பிடி மரம், மேலே வரிவரியாகத் தோல். பிடியின் நடுவில் இரண்டு பக்கமும் இரும்புக் காதுகள் இறங்கி, குறுக்கே ஓர் ஆணி அடித்திருக்கும். வெட்டும்போது பிடி கழன்றுவிடாமல் இருப்பதற்காக அந்த ஆணி. அலகு சுமார் 33 அங்குலம். பிடி அருகே முதுகு எட்டு ஒன்பது மில்லிமீட்டர் தடிமன். முனைப் பக்கம் போகப் போக தடிமன் குறைந்து இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிடும், ஆனால் அகலம் கூடும். நம் அரிவாளின் தலைப்பக்கம்போல முனை விரிந்திருக்கும். எடை ஒரு கிலோவை ஒட்டித்தான், ஆனால் நீட்டிப் பிடித்தால் முன்னால் இழுக்கும். குத்துவதற்காகச் செய்த வாள் இல்லை இது. நெப்போலியனுக்கு எதிரான போரில் ஜெர்மானிய நாடான பிரஷ்யாவின் படைக்கு இதையே ஏராளமாக அனுப்பினார்கள். அவர்களும் ஏறக்குறைய இதே உருவில் 1811 மாதிரியைச் செய்துகொண்டார்கள். பிரஷ்யத் தளபதியின் பெயரால் ப்ளூஷர் வாள் என்று ஏலங்களில் வருவது அதுதான். 1796க்குக் காசு போதாவிட்டால் ப்ளூஷர் நல்ல மாற்று. கைக்காப்பில் ஜெர்மானியர்கள் குத்திய படைப்பிரிவு எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தாலே ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

1796 வாளின் கொடூரத்தைக் கண்டு பிரெஞ்சுக்காரர்கள் எழுத்துபூர்வமாகப் புகார் கொடுத்தார்கள் என்று ஒவ்வொரு விற்பனையாளரும் சொல்வார். அந்தக் கடிதத்தைக் கண்ணால் பார்த்த ஒருவரையும் நான் சந்தித்ததில்லை.

நேரான கனரக 1796 இப்போது விலை ஏறிக் கிடக்கிறது. ஒரு நாவல் வரிசையும் அதன் தொலைக்காட்சித் தொடரும் அதன் கதாநாயகன் கையில் இந்த வாளைக் கொடுத்துவிட்டன. அதன் முனை முதலில் கோடாரிபோல் சரிவாக இருந்தது. வாட்டர்லூவுக்குச் சற்று முன்னால் குத்துவதற்கு வசதியாக ஈட்டி முனைபோல் சாணை பிடிக்கச் சொல்லி ஆணை வந்தது. எனவே இந்த ஒரு வகையில் முனை திருத்தப்பட்டிருப்பது குறை ஆகாது. ஆனால் போன வருஷம் யாரோ கிரைண்டரில் திருத்திய முனையும் சந்தையில் உண்டு. புதிதாக அரைத்த இடம் மற்ற இடத்தின் பழுப்பு நிறத்தோடு ஒட்டாமல் நிற்கும்.

இப்போது நம் பக்கத்துக்கு ஒரு கிளைக்கதை. வலிந்து கொண்டுவந்து ஒட்டவில்லை. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது, ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லஸ்பி தலைமையில் பாய்ந்து வந்தது 19ஆம் லைட் டிரகூன்ஸ் என்ற இலகுரகக் குதிரைப்படை. அந்த வகைப் படைகளுக்கு அன்று விதிக்கப்பட்டிருந்த வாள் இந்த வளைந்த 1796தான். லீட்ஸ் சந்தையில் அதை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வாட்டர்லூ நினைவுக்கு வராது, வேலூர் அகழிதான் வரும்.

இன்னொன்று, சேகரிப்பவர்களுக்கு நேரடியாக உதவுவது. லூயி நோலன் என்று ஒரு குதிரைப்படை அதிகாரி. 1854 அக்டோபர் 25இல் கிரிமியப் போரின் பலக்லாவா சண்டையில் லைட் பிரிகேட் என்ற பிரிட்டிஷ் குதிரைப்படை பாய்ந்தபோது முதலில் இறந்தவர். அதற்கு முன் 15ஆம் ஹுஸார்ஸ் படையோடு சென்னை மாகாணத்தில் இருந்தார். ஹைதராபாத் நிஜாமின் குதிரை வீரர்கள் ஒரு சண்டையில் கையையும் தலையையும் துண்டித்திருந்தார்கள் என்று கேள்விப்பட்டு, அது என்ன அதிசய வாள் என்று விசாரித்தார். பார்த்தால் எல்லாம் ஆங்கிலேயக் குதிரைப்படை கழித்துத் தள்ளிய பழைய அலகுகள்! உள்ளூர்ப் பிடி போட்டு, சவரக்கத்திபோலச் சாணை பிடித்து, மர உறையில் வைத்திருந்தார்கள். சண்டை வந்தால் தவிர உருவுவதே இல்லை. அதே அலகு ஆங்கிலேயனிடம் இருந்தபோது ஏன் வெட்டவில்லை? இரும்பு உறைதான் காரணம். அணிவகுப்பு, பயிற்சி, சலாம் என்று தினமும் பத்து முறை இரும்புக்குள் இழுத்து இழுத்து, கூர் மழுங்கிப்போனது. இதையெல்லாம் நோலன் 1853இல் எழுதிவைத்தார்.

இதில் உங்களுக்கு என்ன பயன் என்றால், விளிம்பைப் பார்க்கக் கற்றுக்கொள்ளலாம். பிரிட்டிஷ் சிப்பாய் வாள்கள் அமைதிக் காலத்தில் மழுங்கலாகவே இருக்கும்; போருக்குக் கிளம்பும்போதுதான் கூர் போடுவார்கள். அரத்தால் போட்ட அந்தக் கூரின் சாய்ந்த கீறல்கள் உருப்பெருக்கிக் கண்ணாடியில் இன்றும் தெரியும். அப்படித் தெரிந்தால் அந்த வாள் எங்கோ போகத் தயாராக இருந்தது என்று சொல்லலாம். எங்கே என்பதற்கு முத்திரைகள் உதவினால் உண்டு. உதவாவிட்டால் கற்பனை செய்யாதீர்கள். வாளை உருவும்போது சத்தத்தையும் கேளுங்கள். உறையின் உள்ளே மரப்பட்டைகள் இருந்தால் மந்தமாக உரசும். அவை உதிர்ந்துபோயிருந்தால் தகரத்தில் கரண்டியைத் தேய்த்ததுபோல கிறீச்சென்று கேட்கும்.

உங்கள் பட்ஜெட்டுக்கு நான் சொல்லும் பிரிட்டிஷ் வாள் 1908 மாதிரி. சிரிக்காதீர்கள். பார்க்க அழகு கிடையாது. பெரிய இரும்புக் கிண்ணம்போன்ற கைக்காப்பு, 35 அங்குல ஒல்லி அலகு, கைத்துப்பாக்கிபோல வளைந்த பிடி. ஏழாம் எட்வர்டு மன்னரே பார்க்கச் சகிக்கவில்லை என்று சொல்லி, அப்புறம் பலர் எடுத்துச் சொன்ன பிறகுதான் ஒப்புதல் கொடுத்தார். வெட்டுவதா குத்துவதா என்று நூறு வருஷம் அடித்துக்கொண்ட ராணுவம், கடைசியில் குத்துவதுதான் என்று முடிவுக்கு வந்து, அதற்கென்றே அளந்து செய்த வாள். முடிவு வந்த ஆறாவது வருஷத்தில் எந்திரத் துப்பாக்கியும் முள்கம்பியும் வந்து குதிரைப்படையையே ஓரம் கட்டிவிட்டன. ஆயிரக்கணக்கில் மிஞ்சியதால் விலை இன்னமும் நியாயமாக இருக்கிறது. கைக்காப்பில் மாதமும் ஆண்டும் படைப்பிரிவும் குத்தியிருக்கும் என்பதால் தொடங்குகிறவர் பாடம் படிக்க ஏற்றது. இந்தியக் குதிரைப்படைக்கென்று சிறிய பிடியோடு தனியாக ஒரு வகையும் செய்தார்கள். கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

இடையில் வந்த மாதிரிகளைப் பற்றி இங்கே சொல்லப் போவதில்லை. 1853 மட்டும் பிடி செய்த விதத்தில் புதுமை: அலகின் வால் பிடியின் முழு அகலத்துக்கும் ஓடி, இரண்டு பக்கமும் தோல் பட்டை வைத்து ஆணி அடித்தது, நம் வீட்டுக் கத்திபோல. மற்றவற்றைப் போகப் போகத் தெரிந்துகொள்வீர்கள்.

போலியைப் பற்றிக் கேட்காமல் விட்டீர்கள், நானே சொல்கிறேன். டேராடூனில் குதிரைப்படை வாள்களின் நகல்களைச் செய்து உலகம் முழுக்க அனுப்புகிறார்கள். அவர்கள் நகல் என்று சொல்லியேதான் விற்கிறார்கள், அதில் தப்பில்லை. முப்பது வருஷம் யாரோ வீட்டுப் பரணில் துருப்பிடித்துக் கிடந்த பிறகு, மூன்றாவது கை மாறும்போதுதான் அது 'தாத்தாவின் வாள்' ஆகிறது. கண்டுபிடிக்க, தடிமன் அளக்கும் ஒரு வெர்னியர் கருவி போதும். நான் மேலே சொன்ன தடிமன் இறக்கம் நகல்களில் இருக்காது. பிடியிலிருந்து முனை வரை ஒரே தடிமனில் பட்டை இரும்பாக இருக்கும். கையில் எடுத்ததுமே கடப்பாரை தூக்கியதுபோல் தெரியும். அடுத்து, பிடியின் உச்சியைப் பாருங்கள். பழைய வாளில் அலகின் வால் மேலே வந்து, சுத்தியலால் தட்டி மழுக்கப்பட்டிருக்கும். அங்கே திருகும் நட்டு இருந்தால் சந்தேகப்படுங்கள். பித்தளையா, பித்தளை முலாம் பூசிய இரும்பா என்பதைச் சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தம் வைத்துப் பார்த்துவிடலாம். அலகில் 'சோலிங்கன்' என்று இருப்பதை மட்டும் வைத்து மயங்கிவிடாதீர்கள். பெயர் திருட்டு இந்தத் தொழிலில் மிகப் பழையது. அந்தச் சோலிங்கன்காரர்களே ஒரு காலத்தில் பாசாவ் நகரத்து ஓநாய் முத்திரையைத் தங்கள் அலகில் போட்டு விற்றவர்கள்தான்.

எதிர்காலத்தில் அதிகாரி வாள் வாங்கும் நாள் வந்தால் லண்டன் வாள் நிறுவனமான வில்கின்சன் செய்தது நல்லது. 1850களின் நடுவிலிருந்து அலகின் முதுகில் வரிசை எண் போட்டார்கள், அந்த எண்களுக்கான பேரேடுகளும் தப்பிப் பிழைத்திருக்கின்றன. எண்ணைக் கொடுத்தால் எந்த ஆண்டு செய்தது, பல நேரம் யார் வாங்கினார் என்பது வரை கிடைக்கும். விற்பவர் வாயால் சொல்லும் 'இன்னார் வாள்' என்பதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

வாங்கிய பிறகு என்ன செய்வது? முதல் மாதம் எதுவும் செய்யாதீர்கள். புது மாப்பிள்ளைபோல் கை பரபரக்கும், தெரியும். எமரித் தாளைத் தொடக் கூடாது. பழுப்பும் கருமையுமாகப் படிந்திருப்பது அழுக்கு இல்லை, 150 வருஷம் சேர்ந்த போர்வை. ஆரஞ்சு நிறத்தில், தொட்டால் விரலில் பொடியாக ஒட்டும் துரு மட்டும்தான் எதிரி. அதற்கு லேசான மெஷின் எண்ணெய் தடவி ஒரு நாள் விட்டு, மிக மெல்லிய இரும்புப் பஞ்சால், அந்த இடத்தில் மட்டும், பூனையைத் தடவுவதுபோலத் தேய்த்தால் போதும். பித்தளையைப் பாலிஷ் போட்டு மின்ன வைக்க வேண்டாம். கடைசியில் நுண்படிக மெழுகு மெல்லிசாக ஒரு பூச்சு. அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் வகை, பிரிட்டிஷ் மியூசியம் ஆய்வகத்தில் உருவானது, கடையில் சின்ன டப்பாவில் கிடைக்கும். அலகைத் தொட்டால் உடனே துடைத்துவிடுங்கள். நம் கை வியர்வையில் உள்ள உப்பு அடுத்த வாரமே கைரேகையாகத் துருப்பிடித்து எழும். என் 1822 ஒன்றில் ஒரு விருந்தாளியின் கட்டைவிரல் இன்னமும் இருக்கிறது. தோல் உறை உள்ள வாளை உறைக்குள் வைத்துச் சேமிக்காதீர்கள். தோலைப் பதப்படுத்திய அமிலம் அலகை அரிக்கும். உறையில் இறுகிக்கொண்ட வாளை இரண்டு பேர் கயிறு இழுக்கும் போட்டிபோல இழுக்கவும் கூடாது. வாய்ப்பக்கம் எண்ணெய் விட்டு, அது உள்ளே இறங்கும்படி பிடி மேலே இருக்க நிறுத்தி, சில நாள் பொறுமையாக இருங்கள்.

சட்டம். பிரிட்டனில் 2008 முதல் 50 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ நீளமுள்ள வளைந்த அலகு கொண்ட வாள்களை விற்பதற்குத் தடை இருக்கிறது. 100 வருஷத்துக்கு மேற்பட்ட பழம்பொருள்களுக்கு விலக்கு உண்டு. அதனால்தான் வாளின் வயதை நிரூபிக்கும் முத்திரை சேகரிப்பவனுக்கு இன்னொரு விதத்திலும் காப்பு. 18 வயது ஆகியிருக்க வேண்டும். சந்தையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோகும்போது நன்றாகச் சுற்றிக் கட்டி, ரசீதைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் காபி குடிக்கக்கூட இறங்காதீர்கள்.

இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டத்தின் வரையறைக்குள் வாளும் வருகிறது. ஆயுதத்தை இறக்குமதி செய்ய உரிமம் வேண்டும். விமான நிலையத்தில் 'இது அலங்காரப் பொருள்' என்று சொல்லிச் சமாளிக்க முடியாது. கொண்டுபோய்ச் சேர்த்தாலும் பிறகு வெளியே எடுத்துவருவது நடக்காது. 1972 தொல்பொருள் சட்டப்படி 100 வருஷம் தாண்டிய தொல்பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. ஊரில் பார்க்க ஆசையென்றால் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்கள் அங்கே இருக்கின்றன. ஐரோப்பிய அலகுக்கு நம்மூர்ப் பிடி போட்ட வாளுக்கு வடக்கே 'ஃபிரங்கி' என்றே பெயர். பரங்கிக்காரனின் அலகு என்பதால்.

நீங்கள் லீட்ஸில்தானே இருக்கிறீர்கள்? ராயல் ஆர்மரீஸ் ஆயுத அருங்காட்சியகம் நடந்துபோகும் தூரம், நுழைவுக்கட்டணம் கிடையாது. காசைக் கையிலெடுக்கும் முன் இரண்டு மூன்று சனிக்கிழமை அங்கே போய் உண்மையான 1796ஐயும் அதே காலத்துப் பிரெஞ்சு வாள்களையும் கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஏல நிறுவனங்கள் ஏலத்துக்கு முன் பொருள்களைக் காட்டும் பார்வை நாளுக்குப் போங்கள். வாங்காவிட்டாலும் கையில் எடுத்துப் பார்க்க விடுவார்கள். கண்ணாடிப் பெட்டி சொல்லாததைக் கை சொல்லிவிடும்.

அந்தச் சந்தைக்கு மறுபடி போவதாக இருந்தால், வாளின் முதுகைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் படம் எடுங்கள். பிடிக்குக் கீழே அலகில் உள்ள சின்ன வட்ட முத்திரைகளையும், கைக்காப்பிலும் உறை வாயிலும் உள்ள எண்களையும் தனித்தனியாக எடுங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால், 'வாட்டர்லூ' என்பதை மறந்துவிட்டு 350இல் பேச்சைத் தொடங்குங்கள். எண்கள் வேறாக இருந்தால் இன்னும் கீழே.